சுகாதாரப் படிப்பில் நிலைத்தன்மை: சேருமுன் தெரிந்துகொள்வோம்

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வந்த வாரத்தில் நம் இயக்கத்தின் வழிகாட்டி மேசைக்கு வருகிற கேள்விகளில் பாதி சுகாதாரப் படிப்பைப் பற்றியதாகத்தான் இருக்கும். "அக்கா, டாக்டருக்குக் கிடைக்கலன்னா வேற என்ன எடுக்கலாம்?" "நர்சிங் படிச்சா வேலை நிச்சயமா?" "பார்மசி நல்லதா, பிசியோ நல்லதா?" இப்படிப் போகும். இந்த இரண்டு மூன்று ஆண்டுகளாகப் புதிதாக ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. பல்கலைக்கழகக் கையேடுகளில் 'நிலைத்தன்மை' என்ற சொல் பச்சை நிறத்தில் பெரிதாக அச்சாகி வருகிறது. "இது என்னக்கா, ஆஸ்பத்திரில மரம் நடுற பாடமா?" என்று ஒரு தம்பி கேட்டான்.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பாடம். நான் இரத்தச் சுத்திகரிப்பு மையம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் தாதியாக வேலை செய்துவிட்டு, பிறகு பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படித்தவள். அதனால் வகுப்பறையில் படித்ததையும் வார்டில் பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

சொல்லின் பொருள்

நிலைத்தன்மை என்பதற்கு உலகம் ஏற்றுக்கொண்ட விளக்கம் 1987-இல் ஐக்கிய நாட்டு ஆணையம் ஒன்றின் அறிக்கையில் வந்தது. இன்றைய தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளலாம். ஆனால் நாளைய தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ள முடியாதபடி செய்துவிடக் கூடாது. இதுதான் அதன் சாரம். அந்த ஆணையத்திற்குத் தலைமை ஏற்ற குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் யார் தெரியுமா? நார்வேயின் பிரதமர் என்றுதான் பலருக்கும் தெரியும். அவர் ஒரு மருத்துவர். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்தவர். 1998 முதல் 2003 வரை உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தார். ஆக, நிலைத்தன்மையும் சுகாதாரமும் இன்று நேற்று ஒட்டவைத்த உறவு இல்லீங்க. தொடக்கத்திலேயே ஒரு டாக்டர் கையில் பிறந்த பேச்சு அது.

2015-இல் லான்செட் மருத்துவ இதழும் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து அமைத்த குழு, 'பிளானட்டரி ஹெல்த்' என்ற துறையை உலகத்தின் முன் வைத்தது. மனிதனின் நலமும் அவன் வாழும் பூமியின் நலமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதே அதன் அடிப்படை.

பாடத்திட்டமாகப் பார்த்தால் இது இரண்டு கேள்விகளில் அடங்கிவிடும்:

1. இந்த நோய் எங்கிருந்து வந்தது?
2. இதைக் குணப்படுத்த நாம் எதையெல்லாம் செலவழிக்கிறோம்?

முதல் கேள்வி நமக்குப் புதிதில்லை. திருக்குறளில் 'மருந்து' என்ற 95-ஆம் அதிகாரம், நோய் இன்னதென்று கண்டால் மட்டும் போதாது, அதன் காரணத்தையும் தேடு என்கிறது. இரண்டாவது கேள்விதான் நம் காலத்தில் சேர்ந்தது.

முதல் கேள்வி: நோய் எங்கிருந்து வந்தது?

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையே இல்லை. நம் பாட்டன் பூட்டன் கதையே போதும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டு ரப்பர் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது மலேரியா. 1901-இல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாமிலும் (இன்றைய போர்ட் கிள்ளான்) காய்ச்சல் பரவிக் கிடந்தது. அவர் கொய்னா மருந்து கொடுப்பதோடு நிறுத்தவில்லை. சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடியவிட்டார், புதர்க்காட்டை அகற்றினார். காய்ச்சல் இறங்கியது.

அடுத்துத்தான் பாடமே இருக்கிறது. கடலோரச் சமவெளியில் பலன் தந்த அதே வேலையை, அதாவது காட்டை வெட்டுவதை, மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது மலேரியா கூடியது! ஏன்? சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு நிழலான காட்டுக் குட்டைகளில் முட்டையிடும் இனம். மலைப்பகுதியில் இருந்ததோ வேறு இனம். அதற்கு வெயில் படுகிற, தெளிவாக ஓடுகிற ஊற்று நீர்தான் பிடிக்கும். மரத்தை வெட்டி ஓடையில் வெயில் விழச் செய்ததும் கொசுவுக்கு நாமே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பிறகு மலைத்தோட்டங்களில் ஊற்று நீரை மண்ணுக்கு அடியில் குழாய் வழியாக வடிப்பது, ஓடைகளில் எண்ணெய் தெளிப்பது என்று வேறு வழிகளுக்குப் போனார்கள். வாட்சன் இதையெல்லாம் 1911-இல் நூலாகவே எழுதினார்.

பார்த்தீங்களா? ஒரே நோய், ஒரே மாநிலம். ஆனால் நிலம் மாறியதும் வைத்தியமும் மாறிவிட்டது. லயத்தில் படுத்திருந்த ஒரு தொழிலாளியின் உயிர் டிரெசர் கொடுத்த மாத்திரையில் மட்டும் இல்லை, அவர் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஓடையிலும் இருந்தது.

இது பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1998-இல் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் தொடங்கியது. பிறகு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் வெடித்தது. முதலில் அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் எண்ணி, கொசுவுக்கு மருந்தடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கோ பிங் அது ஒரு புதிய கிருமி என்று கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் அது இன்று நிப்பா. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலும் பன்றி அறுக்கும் கூடத்தில் வேலை செய்த 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார். நோய் முதலில் பரவிய பண்ணையில் பன்றிக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே பழ மரங்கள் இருந்தன. பழந்தின்னி வெளவால் கடித்துப் போட்ட பழம் பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதனுக்கு என்று சங்கிலி போனது. மரமும் கொட்டகையும் அவ்வளவு அருகில் இருந்ததும் நோய்க் காரணத்தில் ஒரு பகுதி.

மலேரியாவுக்கே மறுபடி வருவோம். சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பல்பீர் சிங் குழு, கப்பிட் பகுதி மலேரியா நோயாளிகள் 208 பேரின் இரத்தத்தைச் சோதித்து, முடிவை 2004-இல் வெளியிட்டது. அதில் 120 பேருக்கு இருந்தது குரங்குகளுக்கு வரும் நோலெசி வகை மலேரியா. மனிதனிடமிருந்து மனிதனுக்குப் பரவும் பழைய மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூர்த் தொற்றாக வரவில்லை. அது பெரிய வெற்றி. ஆனால் குரங்கு மலேரியா ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோருக்கு வந்துகொண்டிருக்கிறது. காடு சுருங்கச் சுருங்கக் குரங்கும் கொசுவும் மனிதனும் நெருங்குகிறார்கள். இதை மாத்திரையால் மட்டும் தீர்க்க முடியுமா? காட்டைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் தெரிந்த சுகாதார அதிகாரி வேண்டும். அவரை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பு.

இரண்டாவது கேள்வி: குணப்படுத்த எதைச் செலவழிக்கிறோம்?

மருத்துவமனை நல்ல இடம். அதனால் அதன் குப்பையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2019-இல் 'ஹெல்த் கேர் வித்தவுட் ஹார்ம்' அமைப்பு வெளியிட்ட ஆய்வின்படி, பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் 4.4 விழுக்காடு சுகாதாரத் துறையிலிருந்து வருகிறது. உலகச் சுகாதாரத் துறையை ஒரு நாடாக நினைத்தால், வாயு வெளியிடுவதில் அது ஐந்தாவது பெரிய நாடு.

எங்கிருந்து வருகிறது? ஏர்கோன், மின்சாரம், மருந்துத் தயாரிப்பு, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருள்கள், மஞ்சள் பையில் போய் எரியும் மருத்துவக் கழிவு. சில இடங்களில் நாம் நினைத்தே பார்த்திராத பொருள்கள். டெஸ்ஃப்ளூரேன் என்ற மயக்க வாயு, அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 2,500 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. அதே வேலையைச் செய்யும், தீங்கு மிகக் குறைந்த வேறு மயக்க மருந்துகள் இருக்கின்றன. அதனால் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவை 2024-இல் டெஸ்ஃப்ளூரேனை வழக்கமான பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டது. நோயாளிக்கு எந்தக் குறையும் இல்லை.

தாதிகளுக்குப் பெருமை தரும் உதாரணம் ஒன்று. லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில் 2018-இல் தாதிகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: எல்லா வேலைக்கும் கையுறை போடுகிறோமே, உண்மையில் தேவைதானா? இரத்தம், உடல் திரவம், ஆபத்தான மருந்து என்றால் கட்டாயம் வேண்டும். தேவையில்லாத இடத்தில் கையை ஒழுங்காகக் கழுவுவதே பாதுகாப்பு. இதைச் சொல்லிக்கொடுத்து நடைமுறைப்படுத்தியதில் ஓராண்டில் 21 டன் பிளாஸ்டிக் மிச்சமானது. பெரிய விஞ்ஞானி யாரும் வரவில்லை. வார்டில் நின்றவர்கள் யோசித்தார்கள், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நிலைத்தன்மை என்ற பெயரில் நோயாளிக்குத் தேவையானதைக் குறைப்பது இந்தப் படிப்பில் இல்லை. ஆஸ்துமா பம்பில் உள்ள வாயு பூமிக்குக் கெடுதல் என்று படித்துவிட்டு, வீட்டில் பாட்டியின் பம்பைப் பிடுங்கி வைத்துவிடாதீர்கள்! மாற்று இருக்கிறதா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு கேள்வியும் சந்திக்கும் இடம்: நம் வீடு

இப்போது நான் பதினோரு ஆண்டுகள் நின்ற இடத்துக்கு வருகிறேன்.

இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் பொதுவாக நிமிடத்துக்கு அரை லிட்டர் திரவம் ஓடும். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரத்துக்கு மூன்று முறை, ஆண்டுக்கு 156 முறை. ஒருவருக்கு ஓராண்டில் ஏறத்தாழ 18,700 லிட்டர். அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யும்போது வடிகட்டியிலிருந்து வெளியே போகும் நீர் இதில் சேரவில்லை. ஒவ்வொரு முறையும் தூக்கி எறியும் குழாய், ஊசி, கையுறை தனி.

தண்ணீர்க் கணக்கைவிட மனிதக் கணக்குத்தான் கனமானது. வாரம் மூன்று நாள் வேலைக்குப் போக முடியாத அப்பா. கொண்டுவந்து விடுவதற்காக லீவு எடுக்கும் மகன். பள்ளி முடிந்து சீருடையோடு வந்து பக்கத்து நாற்காலியில் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளை.

மலேசியாவில் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதல் காரணம் நீரிழிவு, நம் பேச்சில் 'இனிப்பு நீர்'. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஏறக்குறைய ஒருவர்!

இப்போது அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். நோய் எங்கிருந்து வந்தது? உடல்வாகு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமா? தோட்டத்தில் நாள் முழுக்க நடந்தவரின் பேரன் இன்று அடுக்குமாடியில் இருக்கிறான், பதினான்கு மணி நேரம் லாரியோ வாடகைக் காரோ ஓட்டுகிறான். நடக்க நல்ல பாதை இல்லை. கீழே கடையில் மலிவாகக் கிடைப்பது இனிப்புத் தேநீரும் எண்ணெய்ப் பலகாரமும். குணப்படுத்த எதைச் செலவழிக்கிறோம்? மேலே உள்ள கணக்குத்தான்.

ஒருவருக்கு நீரிழிவைப் பத்து ஆண்டு முன்பே கண்டுபிடித்துக் கட்டுக்குள் வைத்தால் ஒரு சிறுநீரகம் பிழைக்கும், ஒரு குடும்பத்தின் வருமானம் பிழைக்கும், பல்லாயிரம் லிட்டர் தண்ணீரும் பிழைக்கும். நோயைத் தடுப்பதுதான் மிகப் பசுமையான மருத்துவம். நிலைத்தன்மையுள்ள சுகாதாரப் படிப்பின் மையம் இதுதான். நம் சமூகத்துக்கு இது பேஷன் பாடம் இல்லை.

எந்தப் படிப்பில் என்ன இருக்கும்?

*மருத்துவம்:* வெப்பம், புகைமூட்டம், டிங்கி போன்றவை உடலை எப்படிப் பாதிக்கின்றன. தேவையற்ற பரிசோதனையையும் மருந்தையும் எப்படித் தவிர்ப்பது. மலேசியாவில் 2019-இல் மட்டும் 130,101 பேருக்கு டிங்கி வந்தது, 182 பேர் இறந்தார்கள். பருவநிலையைப் புரியாத டாக்டர் இங்கே அரை டாக்டர்தான்.

*தாதிமை:* கழிவைப் பிரிப்பது, தொற்றுத் தடுப்பு, வீட்டுப் பராமரிப்பு, சமூகச் சுகாதாரம்.

*மருந்தியல்:* மிச்ச மருந்து எங்கே போகிறது என்ற கேள்வி இங்கே முக்கியம். சிங்க்கில் ஊற்றினால் ஆற்றுக்குப் போகும். அரசாங்க மருத்துவமனை, கிளினிக் மருந்தகங்களில் மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பது உங்கள் வீட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

*உணவியல்:* உடலுக்கும் மண்ணுக்கும் ஏற்ற உணவு. பருப்பு, கீரை, சிறுதானியம் என்று நம் அடுப்படிக்கு நெருக்கமான பாடம்.

*சுற்றுச்சூழல் சுகாதாரம்:* நம் பிள்ளைகள் அதிகம் கவனிக்காத படிப்பு. என் கருத்தில் அதிகம் கவனிக்க வேண்டியதும் இதுதான். குடிநீர், உணவுக்கடைத் தூய்மை, கொசு ஒழிப்பு, காற்று, தொழிற்சாலைப் பாதுகாப்பு எல்லாம் இதில் அடக்கம். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியபோது ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் முதலில் களத்தில் நிற்க வேண்டியவர்கள் இவர்கள். செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல், தொழில்சார் சுகாதாரப் பட்டப்படிப்பு இருக்கிறது. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பட்டம் உண்டு.

*முதுகலை:* மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார முதுகலை. சன்வே பல்கலைக்கழகத்தில் பிளானட்டரி ஹெல்த் மையம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நிலைத்த மருத்துவத்துக்கென்றே ஒரு மையமும் முதுகலைப் படிப்பும் இருக்கின்றன. அந்த மையத்தின் இயக்குநராக வந்த நிக் வாட்ஸ், இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் இதே பொறுப்பைப் பார்த்தவர்.

கையேட்டை நம்புமுன்

நிலைத்தன்மை என்ற சொல் விளம்பரத்துக்கும் நன்றாக உதவுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, கையேட்டில் பச்சை எழுத்தைப் பார்த்து ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தாள். அப்பா இ.பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டினார். மூன்று ஆண்டில் அந்தத் தலைப்பில் நடந்தது ஒரே ஒரு சொற்பொழிவு, அதுவும் இரண்டு மணி நேரம். குடும்பத்தின் சேமிப்பு போகிற விஷயம் இது. ஆகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கூச்சம் வேண்டாம்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் மருத்துவ மாணவர்கள் 2019-இல் தங்கள் பல்கலைக்கழகத்துக்கே மதிப்பெண் அட்டை போட ஆரம்பித்தார்கள். இன்று பல நாடுகளின் சுகாதார மாணவர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள். பாடத்திட்டம், ஆய்வு, சமூகத்தோடு வேலை, மாணவர் முயற்சிக்கு ஆதரவு, வளாகம் என்று ஐந்து பகுதிகள் அதில் உண்டு. அதை ஒட்டி நம் நிலைமைக்கு ஏற்றபடி நான் கொடுக்கும் கேள்விகள்:

1. நிலைத்தன்மை தனிப் பாடமா, மற்ற பாடங்களுக்குள் வருகிறதா, அல்லது ஒருநாள் நிகழ்ச்சியா? தேர்வில் கேள்வி வருமா?
2. அதைக் கற்பிக்கும் விரிவுரையாளர் யார்? அவர் இந்தத் துறையில் என்ன ஆய்வு செய்கிறார்?
3. களப்பணி எங்கே? தோட்டம், பூர்வகுடி கிராமம், அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற இடங்களுக்கு மாணவர்கள் போகிறார்களா?
4. மாணவர்கள் தாங்களாக ஒரு திட்டம் தொடங்கினால் பணமும் இடமும் கிடைக்குமா?
5. வளாகத்து மருத்துவமனையோ கிளினிக்கோ தன் கழிவையும் மின்சாரத்தையும் கணக்கெடுக்கிறதா?

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா? மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றம், தாதிமை என்றால் தாதியர் வாரியம் ஏற்கிறதா? இது இல்லாமல் மற்ற ஐந்தும் இருந்து பயனில்லை.

வீட்டில் "டாக்டர் இல்லன்னா வேண்டாம்" என்று சொல்லும் பெற்றோரோடு சண்டை போடாதீர்கள். அவர்கள் தோட்டத்து மருத்துவமனை வாசலில் வரிசையில் நின்றவர்கள், அல்லது நின்றவர்களின் பிள்ளைகள். உள்ளே உட்கார்ந்திருந்தவரின் மரியாதையைப் பார்த்து வந்த ஆசை அது. அவர்களிடம் வாட்சன் கதையைச் சொல்லுங்கள். மருந்து எழுதியவர் மட்டுமல்ல, கால்வாய் வெட்டச் சொன்னவரும் உயிர் காப்பாற்றினார் என்று புரியும்.

கிளையில் கலந்துரையாட

அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துவிட்டு மூன்று குழுவாகப் பிரியுங்கள்.

முதல் குழு: உங்கள் கோயில் வளாகத்தைச் சுற்றி வாருங்கள். கவிழ்க்காத வாளி, காலிக் குடம், பூச்சாடித் தட்டு, அடைத்த கால்வாய் எத்தனை? ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய தெளிந்த நீர் கொஞ்சம் போதும். எண்ணி எழுதி, நிர்வாகத்தினரிடம் மரியாதையோடு கொடுங்கள்.

இரண்டாம் குழு: கடைசியாக நடந்த அன்னதானத்தில் எத்தனை பிளாஸ்டிக் தட்டு, எத்தனை போத்தல் குப்பைக்குப் போனது? இனிப்புப் பானம் எவ்வளவு பரிமாறப்பட்டது? வாழையிலையும் தண்ணீர்த் தொட்டியும் வைத்தால் செலவு கூடுமா, குறையுமா? கணக்குப் போடுங்கள்.

மூன்றாம் குழு: உங்கள் தாமானில் முப்பது வயது தாண்டியவர்களில் இந்த ஆண்டு சர்க்கரைப் பரிசோதனை செய்தவர்கள் எத்தனை பேர்? செய்யாதவர்களை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போக யார் யார் தயார்?

இந்த மூன்று வேலையையும் செய்து முடித்தவர்கள், பல்கலைக்கழக நேர்முகத் தேர்வில் "ஏன் இந்தப் படிப்பு?" என்று கேட்டால் மனப்பாடப் பதில் தேட வேண்டியிருக்காது. செய்ததைச் சொன்னாலே போதும்.